திண்டு: கல்லும் பஞ்சும்

திண்டுக்கல் என்னும் பெயருக்குப் பொருள் கேட்டால் ஊரில் எவரும் தயங்காமல் ஒரு விடை சொல்வர். நகரை ஒட்டிப் படுத்துக் கிடக்கும் மொட்டைப் பாறை ஒரு திண்டு போலத் தோன்றுவதால் ஊர் திண்டுக்கல் ஆயிற்று என்பது அவ்விடை. திண்டி என்னும் அரசனோடு ஊரைத் தொடர்புபடுத்தும் கதையும் உண்டு. ஆயினும் பேருந்தில் வந்து இறங்கும் வெளியூராருக்கு முதலில் சொல்லப்படுவது திண்டுக் கதைதான். அதில் தவறும் இல்லை. சிறுமலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் ஏறி நின்று கீழே நோக்குவார்க்கு, சமவெளியின் நடுவே யாரோ சாய்ந்து எழுந்துபோன திண்டாகவே அப்பாறை தெரியும். அருகே சென்றால் அது கல். தொலைவிலிருந்து பார்த்தால் திண்டு.

சிக்கல் அடுத்த வினாவில் இருக்கிறது. திண்டு என்றால் என்ன? இவ்வினாவை வகுப்பில் கேட்டுப் பார்த்திருக்கிறோம். மாணவர் பலரும் காட்டியது பஞ்சை அன்று. மாடிப்படியின் ஓரச் சுவர், கிணற்றைச் சுற்றிய கட்டைச் சுவர், கோயில் வாசலில் உட்காரக் கட்டிய சிறுமேடை, இவற்றையே அவர்கள் திண்டு என்றனர். அவர்கள் சொன்னதும் சரியே. வழக்கில் இரண்டு திண்டுகள் உள்ளன. ஒன்று செங்கல்லும் சுண்ணாம்பும். மற்றொன்று துணியும் பஞ்சும். முன்னது இன்றும் உயிரோடு இருக்கிறது. பின்னது பாட்டனாரின் நிழற்படங்களில் மட்டும் எஞ்சி நிற்கிறது. ஊருக்குப் பெயர் தந்ததாக நம்பப்படும் அந்தப் பொருளைப் பற்றி, அதிலும் குறிப்பாக அதன் இரு முனைகளிலும் பூப்போல் விரியும் துணி மடிப்பைப் பற்றிச் சிறிது எழுதலாம் என்று எண்ணினோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தலையணை தலைக்கு உரியது. மெத்தை உடம்பு முழுமைக்கும் உரியது. திண்டு முதுகுக்கும் முழங்கைக்கும் உரியது. தலையணை அமுங்க வேண்டும்; திண்டு அமுங்கலாகாது. சாய்பவரின் பாரத்தை வாங்கிக்கொண்டு வடிவம் குலையாமல் நிற்பதே அதன் தொழில். ஆகவே அதன் பெயரில் மென்மை இல்லை. திண், திண்மை, திண்ணம், திண்ணை என்று செல்லும் சொற்குடும்பத்தில் வைத்துப் பார்த்தால் திண்டு என்பது உறுதியைச் சுட்டும் சொல் என்றே எமக்குப் படுகிறது. ஒருவர் வளைந்து கொடுக்காமல் பேசினால் 'திண்டுக்கு முண்டு' பேசுகிறார் என்கிறோமே, அங்கும் பஞ்சின் சாயல் சிறிதும் இல்லை.

அவ்வாறாயின் ஊர்ப்பெயர்க் கதையைத் தலைகீழாகவும் படிக்கலாம். கல் பஞ்சைப் போல இருந்ததால் திண்டுக்கல் ஆயிற்று என்கிறார்கள். பஞ்சு கல்லைப் போல நின்றதால்தான் அதற்குத் திண்டு என்று பெயர் வந்தது என்பது எம் எண்ணம். மெல்லிய பொருளைத் திண்ணிய பொருளாக்கும் வித்தை ஒன்று இடையில் நிகழ்கிறது. அந்த வித்தை பஞ்சில் இல்லை. துணியை மடித்துப் பிடிக்கும் கையில் இருக்கிறது.

நம் இலக்கியம் படுக்கையைப் பாடாமல் விட்டதில்லை. நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் பாண்டிமாதேவியின் கட்டிலை வாசகர்கள் அறிவர். யானைத் தந்தத்தால் கடைந்த கால்கள். துணையோடு கூடிய அன்னத்தின் வெண்தூவியால் அமைந்த அணை. அதன்மேல் கஞ்சியிட்டு வெளுத்த துணி விரிப்பு. இவ்வளவு மென்மையும் அவளுக்குத் தூக்கம் தரவில்லை என்பது பாட்டின் துயரம். அதை விடுவோம். எம் கண்ணில் படுவது அவ்விடத்தில் துணியைக் குறிக்க வரும் 'மடி' என்னும் சொல். மடித்து வைக்கப்படுவதால் துணிக்கே மடி என்று பெயர். பின்னாளில் தூய்மைக்கும் அதுவே பெயராயிற்று. துணியின் முதல் குணமே மடிவதுதான் என்று மொழி எப்போதோ தீர்மானித்துவிட்டது.

ஆண்டாள் திருப்பாவையின் பத்தொன்பதாம் பாசுரத்தில் கண்ணனைப் பஞ்ச சயனத்தில் படுக்க வைக்கிறாள். அந்த ஐந்து எவை என்பதற்கு உரையாளரிடையே இருவகை விளக்கம் உண்டு. அழகு, குளிர்ச்சி, மென்மை, நறுமணம், வெண்மை என்னும் ஐந்து குணங்கள் என்பது ஒரு சாரார் கருத்து. ஐந்து பொருள்களால் நிரப்பியது என்பது மற்றொரு சாரார் கருத்து. சீவகசிந்தாமணி உரை வழியாக நமக்குக் கிட்டும் பட்டியலில் சிறுபூளையும் செம்பஞ்சும் வெண்பஞ்சும் பறவைத் தூவியும் இடம்பெறுகின்றன. இலவம்பஞ்சைச் சேர்த்து எண்ணும் வழக்கும் உண்டு. எவ்வாறு எண்ணினும் புலவரும் உரையாசிரியரும் உறைக்குள் என்ன இருக்கிறது என்பதையே ஆராய்கின்றனர். உறையைத் தைத்தவர் யார், மூலைகளை எவ்வாறு மூடினார், வாயை எவ்வாறு கட்டினார் என்று அவர்கள் கேட்டதில்லை. சிலப்பதிகாரம் மட்டும் புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் துன்னகாரர் என்னும் தையல்வினைஞரை நிறுத்தி, தோல் தைப்பவரையும் துணியாலும் நெட்டியாலும் கைவினை செய்பவரையும் உடன் எண்ணிவிட்டு மேலே நடந்துவிடுகிறது. அந்த ஒரு சுட்டுக்காகவேனும் இளங்கோவடிகளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இதே காப்பியத்தில்தான் நம் சிறுமலையும் வருகிறது. காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் வழிகளை விளக்குகையில், வலப்பக்க வழியில் வாழையும் கமுகும் தெங்கும் மாவும் பலாவும் சூழ ஓங்கிய பாண்டியனது சிறுமலையைக் காட்டுகிறான். வாழை இன்றும் அம்மலையின் பெருமை. சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அடிகள் அங்கே இலவத்தைச் சொல்லவில்லை. சரிவுகளில் இலவ மரங்களை நாம் காண்கிறோம்.

இலவம் என்னும்போது ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வது நல்லது. சங்கப் பாடல்கள் நெருப்புக்கு ஒப்பிடும் செம்பூ இலவம், அடிமரத்தில் முள் நிறைந்த முள்ளிலவம். அது இம்மண்ணின் மரம். இன்று மெத்தைக்கும் தலையணைக்கும் பஞ்சு தருவது பெரும்பாலும் வெளிர்நிறப் பூப் பூக்கும் மற்றோர் இலவம். அதன் தாயகமாக அமெரிக்க வெப்பமண்டலமும் மேற்கு ஆப்பிரிக்காவும் சொல்லப்படுகின்றன. இரண்டும் ஒரே குடும்பத்தவை. இரண்டின் காயையும் கிளி காக்கலாம், ஏமாறலாம். தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் ஏலக்காய்க்குப் போலவே இந்த இலவம்பஞ்சுக்கும் பெயர்பெற்ற சந்தை. கோடையில் காய் முற்றி வெடிக்கும் முன்னரே பறித்து, உலர்த்தி, ஓட்டை நீக்கி, விதையைப் பிரித்து மூட்டையாகக் கட்டுவர். இப்பஞ்சின் இழை குட்டையானது, வழவழப்பானது. நூலாக நூற்க எளிதில் இணங்காது. உள்ளே குழாய் போன்று வெற்றிடம் உடையது. இழையின் கனஅளவில் ஏறத்தாழ 80 விழுக்காடு காற்றே. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கப்பல்களின் உயிர்காப்புச் சட்டைகளில் இதைத்தான் திணித்தார்கள். நெசவுக்கு ஆகாது என்று தள்ளப்பட்ட இழை, அதே காரணத்தால் மெத்தைக்கு உகந்ததாயிற்று.

பருத்திப் பஞ்சின் கதை வேறு. அது நாளடைவில் கட்டிதட்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் உறையைப் பிரித்துப் பஞ்சைக் கொட்டிப் பதப்படுத்த வேண்டும். எண்பதுகளில் இப்பக்கத்துத் தெருக்களில் தோளில் பெரிய வில்லோடு பஞ்சு கொட்டுபவர்கள் வருவதை நாம் கண்டிருக்கிறோம். வில்லின் நாணைக் கட்டையால் தட்ட, அதிரும் நாணில் பட்டுப் பஞ்சு பிரிந்து பறக்கும். வருபவர்களைக் கூப்பிடத் தேவையில்லை, நாணொலியே கூப்பாடு. பஞ்சடிக்கும் வில் இந்தியாவுக்கு இடைக்காலத்தில் வந்து சேர்ந்த கருவியா என்று வரலாற்றாய்வாளரிடையே ஒரு வழக்கு நடந்ததுண்டு. கடலலையின் நுரையை வில்லால் அடித்த பஞ்சுக்கு உவமை சொல்லும் நற்றிணைப் பாடலை அவ்வழக்கில் ஒரு சான்றாக நிறுத்தலாம். நெய்தல் திணைப் புலவன் கடலைப் பாடப்போய்த் தொழில்நுட்ப வரலாற்றுக்குச் சாட்சி சொன்னான்.

திண்டுக்கு இனி வருவோம். அது அதிகாரத்தின் பொருளாகவே வரலாற்றில் நடமாடியிருக்கிறது. அசந்தா ஓவியங்களின் அரண்மனைக் காட்சிகளில் சாய்வணைகளைக் காண்கிறோம். தஞ்சாவூர் ஓவியங்களில் வெண்ணெய்க் கண்ணன் கொழுத்த திண்டுகளில் சாய்ந்திருக்கிறான். சுக்கான் பசையால் மேடுகட்டிப் பொன்தாள் ஒட்டிய அத்திண்டுகளின் முனைகளைக் கூர்ந்து பார்ப்பது பயன் தரும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபு பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் மோதியபோது, ஆங்கிலேயர் ஆவணங்கள் அதனை 'மஸ்நது'க்கான போட்டி என்று எழுதின. மஸ்நது என்னும் அரபுச் சொல்லுக்குச் சாய்ந்துகொள்வது என்பது அடிப்பொருள். அரியணையாக வழங்கிய அந்த மஸ்நது உண்மையில் மெத்தையும் திண்டும்தான். வடபுலத்தில் பட்டமேறுதலைக் கத்தி ஏறுதல் என்பர். அந்தக் 'கத்தி'யும் வெட்டும் கத்தி அன்று, மெத்தையே. கருநாடகப் போர்கள் என்று நாம் படித்தவை, சற்றே குறும்பாகச் சொன்னால், ஒரு திண்டில் யார் சாய்வது என்பதற்காக நடந்தவை.

அப்போர்களின் காற்று எங்கள் பாறைமீதும் வீசிற்று. மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் காலத்தில், 1605 அளவில், பாறைமேல் கோட்டை எழுந்தது. திருமலை நாயக்கர் அதனை வலுப்படுத்தினார். 1755இல் மைசூர் அரசின் படைத்தலைவராக ஹைதர் அலி இங்கு வந்து சேர்ந்தார். பிரெஞ்சுக்காரர் துணையோடு படைக்கலச் சாலை அமைத்தார். அவரது எழுச்சி தொடங்கிய இடம் இது என்றால் மிகையன்று. கோட்டை பலமுறை கைமாறி, 1790இல் ஆங்கிலேயரால் பிடிக்கப்பட்டு, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் நிலையாக அவர்கள் வசமாயிற்று.

திண்டின் வரலாற்றில் 1792 ஒரு திருப்பம் என்று நாம் கருதுகிறோம். காரணம் எளியது. ஆங்கிலேயன் தரையில் உட்கார மாட்டான். அவன் கச்சேரியில் நாற்காலி வந்தது, மேசை வந்தது, கால் தொங்கிற்று. தரையில் அமர்ந்து சாய்பவனுக்குத்தான் திண்டு வேண்டும். நாற்காலிக்கு முதுகு ஏற்கெனவே உண்டு. அதிகாரம் நாற்காலிக்கு ஏறிய பிறகு திண்டு அதிகாரத்தை இழந்தது. உடனே மறைந்துவிடவில்லை. பாளையக்காரர் ஜமீன்தார்களான பின்னும் அவர்கள் கூடங்களில் இருந்தது. மடங்களில் இருந்தது. கோயில் பல்லக்குகளில் உற்சவ மூர்த்திக்குப் பின்னே இருந்தது. சவுளிக்கடையில் பெட்டியடியில் அமர்ந்த முதலாளிக்கு முதுகுகொடுத்தது. இசுலாமியர் இல்லத் திருமணங்களில் சமுக்காளம் விரித்து மாப்பிள்ளைக்குத் திண்டு போடும் வழக்கம் நெடுங்காலம் நிலைத்தது. ஆயினும் அது ஆள்பவனின் பொருளாக இருந்த நிலை மாறி, மரியாதைக்குரியவரின் பொருளாகிவிட்டது. மரியாதை அதிகாரத்தை விட மெதுவாகச் சாகும்.

இனி அந்த முனை மடிப்பு. இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். எங்கும் எழுதப்பட்டிருப்பதாக எமக்குத் தெரியவில்லை.

உருளைத் திண்டின் உடல் வெறும் குழாய். அதைத் தைப்பதில் அருமை எதுவும் இல்லை. அருமை முழுவதும் இரு முனைகளை மூடுவதில் இருக்கிறது. 9 அங்குல விட்டமுள்ள திண்டை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு 28¼ அங்குலம். அவசரக்காரர் ஒரு வட்டத் துணியை வெட்டி முனையில் வைத்துத் தைத்துவிடுவார். வட்டம் எப்பக்கமும் ஒரேபோல் இழுபடாது. நெசவின் குறுக்குவாட்டில் நெகிழும். சிலநாள் சாய்ந்ததும் முனை உப்பி, திண்டு பலாப்பழம் போல் ஆகிவிடும். பழைய கைகள் வேறு வழி கண்டன. நாலரை அங்குல அகலமும் 28¼ அங்குல நீளமும் உடைய பட்டி ஒன்றை, தையலுக்குச் சிறிது கூட்டி வெட்டுவர். அதன் ஒரு நெடும்பக்கத்தைக் குழாயின் வாயோடு சேர்த்துத் தைப்பர். இப்போது மறுபக்கம் திறந்த பையின் வாய்போல் தொங்கும். அந்த 28 அங்குல வாயை மையத்தில் ஒரு குமிழுக்குள் அடக்க வேண்டும். குமிழின் விட்டம் ஓரங்குலம். சுற்றளவு மூன்றங்குலத்துக்குச் சற்று மிகும். அதாவது 28 அங்குலத் துணி மூன்றங்குலத்துக்குள் ஒடுங்க வேண்டும்.

இதனைச் செய்ய இரண்டு முறை உண்டு. ஒன்று சுருக்கு. ஓரத்தில் நூலோட்டி, நூலை இழுத்தால் துணி தானே சுருங்கும். சுருக்குப் பையின் வாய் அப்படித்தான். எளிது, விரைவு, ஆனால் சுருக்கம் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் நிற்கும். மற்றொன்று மடிப்பு. ஓரங்குலத்துக்கு ஒன்றாக 28 மடிப்புகளை ஒரே திசையில் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு கைவிரலால் பிடித்து, ஒவ்வொன்றையும் மையத்தில் ஊசியால் நிறுத்திக்கொண்டு வருவது. வெளிவிளிம்பில் மடிப்பே இராது. மையத்தை நெருங்க நெருங்க ஆழம் மிகும். சேலைக் கொசுவத்தை வட்டமாகச் சுற்றி வைத்தால் எப்படியிருக்கும், அப்படி. சூரியகாந்தி என்று அதற்குப் பெயர் சொன்னவரும் உண்டு, சக்கரம் என்றவரும் உண்டு. ஒரு மடிப்பு நூலளவு தப்பினாலும் அடுத்தடுத்த மடிப்புகளில் அத்தப்பு பெருகிக்கொண்டே போய், கடைசி மடிப்புக்கு இடமில்லாமல் போகும். அல்லது இரண்டு மடிப்புக்கான இடம் மிஞ்சும். அப்போது முழுவதையும் பிரிக்க வேண்டியதுதான். வெண்பாவில் ஈற்றடியின் கடைசிச் சீர் தட்டினால் பாட்டையே மாற்றுவதில்லையா, அதுபோல.

இதன் பயன் அழகு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. மையத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குத் துணி சேர்வதால் முனை ஒரு தட்டுப்போல் இறுகுகிறது. உள்ளே திணித்த பஞ்சு வெளியே தள்ளும் அழுத்தத்தை 28 மடிப்புகளும் ஆரங்களாக நின்று பகிர்ந்து வாங்குகின்றன. பஞ்சைத் திண்டாக்குவது இம்மடிப்பே என்று முன்னர்ச் சொன்னது இதனால்தான். மையத்தில் துணி போர்த்திய குமிழை வைத்து, நீண்ட ஊசியில் முறுக்குநூல் கோத்து உள்ளே இழுத்துக் கட்டிவிடுவர். வசதி இருந்தால் குமிழிலிருந்து ஒரு பட்டுக் குஞ்சம்.

திணிப்பதும் எளிதன்று. இலவம்பஞ்சு மூச்சுக்காற்றுக்கே பறக்கும். மின்விசிறியை நிறுத்தி, சன்னலை அடைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்ய வேண்டும். நெருக்கமான நெசவுள்ள கோடுபோட்ட மெத்தைத் துணியில் உள்ளுறை. அதன்மேல்தான் வெல்வெட்டோ பட்டோ போர்த்திய மேலுறை. நெசவு தளர்ந்திருந்தால் பஞ்சு கசிந்து சாய்பவரின் சட்டையெல்லாம் வெண்மயிராகும். தலையணைக்குத் திணிப்பதைவிட மிக இறுக்கமாகத் திணித்தால்தான் திண்டு நிற்கும். மழைக்காலம் கழிந்ததும் வெயிலில் போட்டால் பஞ்சு மீண்டும் உப்பி இறுகிக்கொள்ளும்.

மடித்துப் பிடிக்கும் இக்கலைக்குப் பின்னாளில் ஓர் அயல்நாட்டு உறவினர் வந்து சேர்ந்தார். ஸ்மாக்கிங் என்று தையல் வகுப்புகளில் கற்றுத்தரும் முறை அது. இங்கிலாந்தின் பண்ணையாட்கள் அணிந்த தளர்ந்த மேலங்கியில், மார்பிலும் மணிக்கட்டிலும் துணியை நுண்ணிய மடிப்புகளாகப் பிடித்துத் தைத்ததிலிருந்து பிறந்தது. இழுபட்டு நெகிழும் ரப்பர் நாடா இல்லாத காலத்தில் துணிக்கு நெகிழ்ச்சி தந்த உபாயம். அதன் ஒரு கிளை இருக்கையணைகளுக்கு வந்தது. துணியின் பின்புறத்தில் ஓரங்குல இடைவெளியில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைப்பர். முறைப்படி இரண்டிரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஊசியால் கிள்ளிக் கட்டுவர். முன்புறம் திருப்பினால் பாய்முடைந்தாற்போல, அல்லது இலையடுக்கினாற்போல மடிப்புகள் எழுந்து நிற்கும். துணி சுருங்கும் என்பதால் அளவைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை துணி வேண்டும். நம் பெண்கள் இதை இவ்வளவு விரைவாகக் கற்றுக்கொண்டது எமக்கு வியப்பளிக்கவில்லை. புள்ளி வைத்து, எண்ணி, எதை எதனோடு சேர்ப்பது என்று மனத்தில் பிடித்துக்கொள்வது வாசலில் நாள்தோறும் நடக்கும் வேலை.

சிறுமலையின் அடிவாரத்தில், மதுரைச் சாலையில் இருக்கும் சின்னாளபட்டிக்கு இவ்வித்தையின் மற்றொரு முகம் தெரியும். சுங்குடி அங்கே பெரும்தொழில். மதுரையில் நாயக்கர் காலத்தில் வேரூன்றிய சௌராட்டிரர் கைவண்ணம் அது. மதுரைச் சுங்குடி புவிசார் குறியீடும் பெற்றது. பழைய முறையில் துணியை மடித்து மடிப்பின் கோட்டை அடையாளமாகக் கொண்டு, விரல் நகத்தால் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்ப்பர். முடிச்சை அவிழ்த்தால் கிள்ளிய இடம் வெண்புள்ளியாக நிற்கும். திண்டு தைப்பவர் கிள்ளியதை அவிழ்க்காமல் வைத்துக்கொள்கிறார். சுங்குடி கட்டுபவர் அவிழ்த்துவிட்டு அதன் தழும்பை வைத்துக்கொள்கிறார். இரு கைகளும் ஒரே அசைவில் தொடங்குகின்றன. இன்று சின்னாளபட்டியில் பெரும்பகுதி மெழுகு அச்சும் திரை அச்சும்தான். முடிச்சிடும் விரல்கள் அருகிவிட்டன.

திண்டை இறுதியாக வீழ்த்தியது நாற்காலி அன்று, நுரை. 1929இல் டன்லப் நிறுவனத்தார் ரப்பர்ப் பாலை நுரைக்க வைத்து மெத்தையாக்கும் வழியைக் கண்டனர். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் பாலியூரிதேன் வேதியியலைக் கண்டார். 1950களில் அதன் மென்னுரை சந்தைக்கு வந்தது. நம்மூரில் நுரைமெத்தை எல்லாவற்றுக்கும் டன்லப் என்றே பெயர் நிலைத்தது. நுரைக்கு வடிவம் தானே உண்டு. உருளையாக வெட்டினால் உருளையாக நிற்கும். அதை நிறுத்தி வைக்கத் துணிக்கு எந்த வேலையும் இல்லை. துணி வெறும் போர்வையாகிவிட்டது. மடிப்பு தேவையாக இருந்தவரை உயிரோடு இருந்தது. அலங்காரமாக மட்டும் ஆன அன்றே கூலிக் கணக்கில் முதலில் வெட்டப்பட்டது.

தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் எம் கவலை வேறொன்று. கொசுவம், சுருக்கு, பிடிப்பு, கிள்ளல், குமிழ், குஞ்சம், உள்ளுறை, மேலுறை என்று இத்தொழிலுக்கு ஒரு சொல்வளம் இருந்தது. அகராதியில் திண்டு என்னும் தலைச்சொல் இருக்கிறது. அதைச் செய்யும் வினைகளுக்குரிய சொற்களில் பல அங்கே இத்தொழிற்பொருளில் இல்லை. அன்னத்தூவியைப் பாடியவர்கள் தையலை விட்டது போலவே, அகராதி செய்தவர்களும் பட்டறைக்குப் போகாமல் விட்டிருக்கலாம். மடிக்கும் கை ஓய்ந்தால் சொல் ஒதுங்க இடமில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கினோம், மகிழ்ச்சி. ஊரின் பெயரில் இருக்கும் பொருளைத் தைக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

காதி அங்காடிகளில் இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் இன்றும் கிடைக்கின்றன. திண்டு வேண்டுமெனில் மெத்தைக் கடையில் அளவு சொல்லிச் செய்யச் சொல்ல வேண்டும். நாம் விசாரித்த கடைகளில் முதலில் நுரை உருளையைத்தான் எடுத்துக் காட்டினர். முனையில் வட்டமாக வெட்டிய துணியும், விளிம்பில் ஒரு கயிற்றுக் கரையும். பஞ்சு என்றால் ஒரு வாரம் ஆகும் என்றனர். ஒரு கடையில் மட்டும் முனைக்கு மடிப்பு வைக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் இருந்தார். எத்தனை மடிப்பு என்று கேட்டார். இருபத்தெட்டு என்றோம். நிமிர்ந்து பார்த்தார். மடிப்புக்குக் கூலி தனி என்றார்.